ஓய்வு என்று எழுதிய இடம்

பிலிமத்தலாவையில் ஒரு இரும்புக்கடையின் மேல்மாடியில் நாங்கள் வேலை செய்கிற கந்தோர் இருக்கிறது. அதன் வீதிப்பக்க ஜன்னலில், திரைச்சீலைக் கயிற்றின் நுனியில், மீன்வலை மிதவையொன்று கட்டித் தொங்குகிறது. ஒரு பெரிய மாம்பழத்தின் அளவுதான். ஒரு காலத்தில் செம்மஞ்சளாக இருந்திருக்கும். இப்போது வெயிலில் வெளுத்துப் பழைய செங்கல்லின் நிறத்துக்கு வந்துவிட்டது. ஒரு பக்கத்தில் ஆழமான வெட்டு. துளைக்குள் அறுந்துபோன பச்சை நைலோன் கயிற்றின் துண்டு இன்னும் இறுகிக் கிடக்கிறது. புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் முதல் வாரத்திலேயே கேட்டுவிடுவார்கள், கடலே இல்லாத கண்டிப் பக்கத்துக்கு இது எப்படி வந்தது என்று. திரை காற்றில் பறந்து கணினியில் விழாமலிருக்கக் கட்டியது என்பேன். அது பொய்யில்லை. ஆனால் அது என்னுடைய பொருளில்லை என்பதையும், உரியவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தபோது அவர் வாங்காமல் திருப்பித் தந்துவிட்டார் என்பதையும் சொல்வதில்லை. சொல்லத் தொடங்கினால் எங்கே நிறுத்துவது என்று தெரியாது. இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன். களைத்துப் போனேன்; ஒன்றை ஒளித்து வைப்பதற்கும் உடம்பில் தெம்பு வேண்டியிருக்கிறது.

முதலில் எங்கள் வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். வாரக்கணக்கில் கடலில் நிற்கிற பல நாள் படகுகளின் கூரையில் ஒரு சின்னக் கருவி பொருத்தியிருப்பார்கள். படகு எங்கே நிற்கிறது, எந்தப் பக்கம் போகிறது, என்ன வேகம் என்று அது விடாமல் வானத்திலிருக்கிற செய்மதிக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். அந்தச் செய்தியெல்லாம் எங்கள் கணினித் திரையில் புள்ளிகளாக வந்து விழும். படகின் பெயர் வராது, ஓட்டுகிறவரின் பெயர் வராது, ஒரு இலக்கம் மட்டும். நாங்கள் அந்தப் புள்ளிகளை ஒவ்வொன்றாகப் பார்த்து, இது பயணம், இது தொழில், இது ஓய்வு என்று குறிக்க வேண்டும். பயணத்துக்கு நீலம், தொழிலுக்குச் சிவப்பு. ஓய்வுக்கு நிறமே கிடையாது, வெள்ளை. குறித்ததெல்லாம் சேர்ந்து ஒரு பெரிய வரைபடமாகும். கடலைப் பங்கிட்டுத் திட்டம் போடுகிறவர்கள் அதை விரித்து வைத்துக்கொண்டுதான் பேசுவார்கள்: எங்கே மீன்பிடியைக் குறைக்கச் சொல்லலாம், எங்கே கப்பலை விடலாம், எங்கே காற்றாலை நடலாம் என்று. சிவப்பு இருக்கிற இடத்தில் கைவைக்க யோசிப்பார்கள். வெள்ளையில் யோசிக்க என்ன இருக்கிறது? கொழும்பிலிருந்த ஒரு நிறுவனம் இந்த வேலையை எங்களுக்குக் கொடுத்திருந்தது. செய்தவர்கள் எட்டுப் பேர். எட்டுப் பேரில் ஒருவருக்குக்கூட கரையில் கால் நனைத்ததற்கு மேல் கடல் தெரியாது. நான் கலஹாப் பக்கத் தேயிலைத் தோட்டத்து ஆள். பள்ளிக்கூடச் சுற்றுலாவில் ஒரே ஒரு தடவை கடலைப் பார்த்திருந்தேன், அன்றைக்கும் மழை. எட்டுப் பேருக்கும் நான்தான் குழுத் தலைவன்.

ராத்தா வந்து சேர்ந்தது வேலை தொடங்கி ஆறு மாதம் போன பிறகு. முஸ்லிம் வீடுகளில் அக்காவை ராத்தா என்பார்கள். அவருக்கு என்னைவிடப் பத்து வயது அதிகம். பெயர் சொல்லிக் கூப்பிட எனக்கு வாய் வரவில்லை, என்னைப் பார்த்து மற்றவர்களும் ராத்தா என்றே கூப்பிடத் தொடங்கினார்கள். ஊர் தெல்தெனிய. கணவர் மௌத்தாகித் தனித்துப் போன பிறகு தையல் மெஷினை மிதித்தே இரண்டு பிள்ளைகளை ஆளாக்கி, மகளோடு சேர்ந்து கணினி வகுப்புக்குப் போய், நாற்பத்தெட்டு வயதில் முதல் கந்தோர் வேலைக்கு வந்தவர். தெல்தெனியவிலிருந்து கண்டிக்கு ஒரு பஸ், கண்டியிலிருந்து இன்னொரு பஸ். அப்படியிருந்தும் எங்களுக்கெல்லாம் முன்னால் வந்து கதிரையில் உட்கார்ந்திருப்பார். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிவிட்டு, துணியில் தையல் விட்ட இடத்தைத் தேடுகிறவர்போல் புள்ளிகளைப் பார்ப்பார். மற்றவர்கள் முப்பது படகு முடிக்கிற நேரத்தில் அவர் பன்னிரண்டு முடிப்பார். கொஞ்சம் வேகமாகச் செய்யுங்கள் என்று ஒரு நாள் தயங்கித் தயங்கிச் சொன்னேன். "அவசரத்துல தைச்சிக் குடுத்த உடுப்பெல்லாம் திரும்ப என்கிட்டத்தான் வந்தீக்கி தம்பி" என்றார்.  அவர் குறித்ததில் பிழையே வராததைக் கண்டு, மற்றவர்கள் குறிப்பதைச் சரிபார்க்கிற வேலையை அவரிடமே கொடுத்தேன். ஒவ்வொரு தாளின் அடியிலும் இரண்டு கையெழுத்து வேண்டும், குறித்தவர் ஒன்று, சரிபார்த்தவர் ஒன்று. இரண்டாவது இடம் ராத்தாவுடையது.

வேலை நேரத்தில் தலை நிமிராதவர், மத்தியானம் சாப்பாட்டுப் பார்சலைப் பிரித்தால் எங்களையெல்லாம் சிரிக்க வைத்துவிடுவார். விக்டோரியா நீர்த்தேக்கத்துக்குள் போன பழைய தெல்தெனியவில் அவருடைய வாப்பாவுக்கு ஒரு பலசரக்குக் கடை இருந்ததாம். நகரத்தை மேட்டுக்கு மாற்றுவதற்கு முன்னால் கடைகளை எண்ணி எழுத வந்த யாரோ ஒருவர், வெள்ளிக்கிழமை மத்தியானம் வந்திருக்கிறார். வாப்பா ஜும்ஆத் தொழுகைக்குப் பள்ளிவாசலுக்குப் போயிருந்தார். வந்தவர் பூட்டிய கதவை இரண்டு தட்டுத் தட்டிப் பார்த்துவிட்டு, வியாபாரம் நடக்காத கடை என்று எழுதிக்கொண்டு போய்விட்டார். "இருவது வருசமா வியாவாரம் செஞ்ச மனிசன். ஒரு மணித்தியாலம் தொழப் போனதுக்குக் கடையே இல்லாமப் போய்ட்டு" என்று சொல்லி ராத்தா குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பார். புது நகரத்தில் வாப்பாவுக்குக் கடைத்துண்டு கிடைக்கவில்லை என்பதையும், கடைசிவரை துணி மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு ஊர் ஊராக நடந்தார் என்பதையும் அதே சிரிப்போடுதான் சொல்வார். நாங்களும் சிரித்தோம். கோடையில் தண்ணீர் வற்றிப் பழைய கட்டடங்கள் தலைகாட்டும்போது பஸ் ஜன்னலால் எட்டிப் பார்ப்பாராம், கடை தெரிகிறதா என்று. தெரிவதெல்லாம் வேறு யாருடைய சுவரோவாம்.

ஒரு நாள் பிற்பகல் பாலில்லாத பிளேன்டி குடித்துக்கொண்டிருந்தபோது ராத்தா என்னைத் தன் திரைக்குக் கூப்பிட்டார். கிழக்குக் கடலில் ஒரு மூலை. ஒரே துறைமுகத்துப் படகுகள் இருபது முப்பது, ஒவ்வொரு பயணத்திலும் ஒரு பகல் முழுக்க ஓடி அந்த மூலைக்குப் போகின்றன. பொழுது சாய்கிற நேரம் எஞ்சினை நிறுத்துகின்றன. விடியும்வரை நீரோட்டத்தோடு மெல்ல ஒரே பக்கமாக நகர்கின்றன. விடிந்ததும் கொஞ்ச நேரம் தவழ்கின்றன. பிறகு இன்னொரு புள்ளிக்கு ஓட்டம், மறுபடி நிற்பது. எங்கள் கந்தோர்ச் சுவரில் ஒட்டியிருந்த விதித்தாளின்படி, திருப்பமில்லாமல் ஆறு மணித்தியாலத்துக்கு மேல் மிதந்தால் அது ஓய்வு. காலையில் தவழ்கிற துண்டு தனியாகக் குறிக்க முடியாத அளவு சின்னது. அதையும் ஓய்வோடு சேர்த்துவிட வேண்டும். அப்படியே செய்திருந்தோம். அந்த மூலை முழுக்க வெள்ளை. "தம்பி, எனக்கு ஒரு விசயம் செல்லுங்க. படுக்கிறதுக்கு யாராச்சும் ஒரு பகல் முழுக்கக் கடல்ல ஓடுவாங்களா? ஊட்டுல படுக்க ஏலாதா?" பக்கத்திலிருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். நானும் சிரித்தேன். "கடல்ல வேல செய்றவங்க, களைச்சுப் போயிருப்பாங்க ராத்தா" என்றேன். ராத்தா சிரிக்கவில்லை. "களைச்சவன் கரைக்கில்லையா வருவான்" என்று சொல்லிவிட்டுத் திரையின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மற்ற யாராக இருந்தாலும் அதோடு விட்டிருப்பார்கள். ராத்தா மறுநாள் பஸ்ஸிலிருந்து இறங்கி, பிலிமத்தலாவையில் மீன் விற்கிற, அண்ணன் முறையில் நானா என்று கூப்பிடுகிறவரிடம் போய், உங்களுக்கு மீன் எந்தக் கடலிலிருந்து வருகிறது என்று கேட்டிருக்கிறார். அவர் கிழக்கிலிருந்து வருகிற லொறியைச் சொல்ல, லொறிக்காரர் மூலம் அந்தத் துறைமுகத்துப் படகோட்டி ஒருவரின் தொலைபேசி இலக்கத்தைப் பிடித்து, நான்காம் நாள் அதோடு என் முன்னால் வந்து நின்றார். அந்த மனிதரை எல்லாரும் ஸ்கிப்பர் என்றுதான் சொல்வார்களாம். நல்ல வேளையாகவோ கெட்ட வேளையாகவோ அவர் அன்று கரையில் இருந்தார். ராத்தா கந்தோர்த் தொலைபேசியை மேசை நடுவில் எல்லாருக்கும் கேட்கும்படி வைத்துக் கேள்வியைக் கேட்டார். மறுபக்கத்தில், "நித்திரையா?" என்று ஒரு குரல். பிறகு பொறுமையாகச் சொன்னார். "தங்கச்சி, வலைய விட்டுப்போட்டு எஞ்சின நிப்பாட்டினா, வலையும் படகும் சேர்ந்து நீரோட்டத்தோட போகும். மைல்கணக்கில வலை கிடக்கும் தண்ணிக்குள்ள. அதுதான் தொழில். விடியக்குள்ள ஏத்துவம். நாங்க எங்க நித்திரை கொள்ற? கப்பல்காரன் வலைக்கு மேலால ஏறாம ஒருத்தன் மாறி ஒருத்தன் லைட்டப் பிடிச்சிக்கிட்டு முழிச்சிருக்கணும்." ராத்தா மெல்ல, எங்கள் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்பதைச் சொன்னார். "கப்பல் நிக்கிறதுக்கு இடம் தேடுறாங்க எண்டு இங்க கதை அடிபடுது தங்கச்சி. அந்த மூலை போனா எங்கட துறைக்கு வேற வலை இடம் இல்ல. பாத்துச் செய்யுங்க." மேசையைச் சுற்றியிருந்த எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் தொலைபேசியின் பக்கம் குனிந்து, "திருத்திருவோம் அண்ணே" என்றேன். யாரும் என்னைச் சொல்லச் சொல்லவில்லை. நானாகத்தான் சொன்னேன்.

அன்று பேராதனையில் கலஹா பஸ் ஒன்றைப் போகவிட்டு அடுத்ததுக்கு நின்றேன். சுவரில் ஒட்டியிருந்த அந்த விதித்தாளை எழுதியவன் நான். நிறுவனம் அனுப்பிய ஆங்கிலக் கையேடு நாற்பது பக்கம். அதை ஒரே பக்கமாகச் சுருக்கித் தமிழிலும் சிங்களத்திலும் எழுதியதற்கு என்னைத் தூக்கி வைத்துப் பேசினார்கள். மிதப்பதைப் பற்றிய பகுதியின் கடைசியில் ஒரு வரி இருந்தது: வலையின் வகை ஊருக்கு ஊர் மாறும், அந்தக் கரையில் தொழில் செய்கிறவர்களிடம் கேட்டு உறுதி செய்யுங்கள் என்று. அதை நான் விட்டுவிட்டேன். பக்கத்தில் இடமில்லை. பிலிமத்தலாவையில் மீனவரை எங்கே தேடுவது என்றும் நினைத்தேன். இந்த இரண்டும் நான் மற்றவர்களுக்குச் சொன்ன காரணங்கள். உண்மையில், கேட்க வேண்டுமென்று எனக்குத் தோன்றவே இல்லை. நான் தோட்டத்து லயத்தில், வரிசை வீட்டில், பிறந்தவன். அம்மா தேயிலைக் கொழுந்து பறித்தாள். நிரையில் ஒரு நிமிடம் கை நின்றால் கங்காணியின் சத்தம் மலையெல்லாம் கேட்கும். சாயந்தரம் அரைப் பேர்தான் விழும், பாதி நாள் வேலை செய்ததாகத்தான் எழுதுவார்கள். நின்றால் வேலையில்லை என்பதை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. அம்மா வாழ்நாள் முழுக்க எந்தக் கங்காணியை வைதாளோ, அந்த ஆளாகவே நான் மேல்மாடியில் உட்கார்ந்துகொண்டு முகம் தெரியாத படகுகளுக்கு அரைப் பேர் போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். அந்தப் பஸ்ஸில் எனக்கு வெட்கமாக இருந்தது. இப்போதும் இருக்கிறது.

எங்கள் மேலாளர் நல்ல மனிதர். சிங்களவர், என்னோடு தமிழும் சிங்களமும் கலந்து பேசுவார், யாரையும் சத்தம் போட்டு ஏசியதில்லை. எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். வரைபடத்தை ஒப்படைக்க இன்னும் ஒன்பது நாள்தான் இருந்தது. கடலைப் பங்கிடும் கூட்டத்துக்கு நாள் குறித்தாகிவிட்டது. அந்த மூலையைத் திருத்துவதென்றால் மிதந்த படகுகள் எல்லாவற்றையும் திரும்பப் பார்க்க வேண்டும், இரண்டு மாத வேலை. கொழும்புக்குத் தொலைபேசி எடுத்தார். அடுத்த பதிப்பில் திருத்தலாம் என்று பதில் வந்தது. அவருடைய மேசையில், என்னை நிரந்தரமாக்குகிற கடிதம் கையெழுத்துக்குக் காத்துக் கிடந்தது. அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நான்தான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பயம், அதற்கு வேறு பெயர் தேட வேண்டியதில்லை. அந்த மூலையில் சில படகுகள் மிதப்பது வலைத்தொழிலாகவும் இருக்கலாம் என்று அறிக்கையின் பின்னிணைப்பில் ஒரு வரி சேர்க்கட்டுமா என்று கேட்டேன். தாராளமாகச் சேருங்கள் என்றார். ஏதோ சாதித்துவிட்டவன்போல அந்த வரியை ராத்தாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். வாசித்துவிட்டு, "இது எத்தினாம் பக்கத்துல வரும்?" என்று கேட்டார். அறுபதுக்குப் பிறகு என்றேன். "படத்துல?" படத்தில் வராது என்றேன். "அப்ப இத யாருக்குத் தம்பி எழுதினீங்க?"

அந்த மூலையின் தாளில் ராத்தா கையெழுத்துப் போடவில்லை. மேலாளரே வந்து கேட்டுப் பார்த்தார். "நான் சரிபார்த்தன் சேர். சரியில்ல. வேணுமெண்டா சரியில்லண்டு எழுதிக் கையெழுத்து வெக்கிறன்" என்றார், குரலைக் கூட்டாமல். ஒன்பது நாளும் அந்தத் தாள் அவருடைய மேசையில் அப்படியே கிடந்தது. சரிபார்ப்பவர் இல்லாவிட்டால் குழுத் தலைவன் கையெழுத்திடலாம் என்று விதி இருந்தது; அந்த விதியையும் சுருக்கி எழுதியவன் நான்தான். கடைசி நாள் மத்தியானம், ராத்தா பின்னறையில் தொழுதுகொண்டிருந்த நேரம், நான் அவருடைய மேசைக்குப் போய் அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டேன். திரும்பி வந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நீங்க வெச்சது நான் வெச்ச மாதிரி ஆகாது. அது பரவாயில்ல. ஆனா அந்த மனிசனுக்குத் திருத்துறண்டு செல்லிட்டீங்களே தம்பி" என்றார். அந்த மாதக் கடைசியோடு அவருடைய ஒப்பந்தம் முடிந்தது. புதுப்பிக்கச் சொல்லி மேலாளர் தாளை நீட்டினார். வேண்டாம் என்றுவிட்டு, கதிரையில் போட்டிருந்த தன் மெத்தையையும் பிளாஸ்கையும் எடுத்துக்கொண்டு, ஒவ்வொருவரிடமும் போய்ச் சொல்லிக்கொண்டு, படியிறங்கிப் போனார். என்னிடமும் சொன்னார்.

எனக்குக் கடிதம் கிடைத்தது. கந்தோரில் கேக் வெட்டினோம். வரைபடம் தெளிவாக இருந்ததாகக் கொழும்பிலிருந்து பாராட்டு வந்தது. பிறகு ஒரு வருடமிருக்கும், புதிய திட்டப் படத்தின் பிரதியொன்று எங்களுக்கும் வந்தது. கிழக்கு மூலையில், எங்கள் வெள்ளைக்குள் அளவெடுத்துத் தைத்ததுபோல ஒரு செவ்வகம். கப்பல்கள் காத்து நிற்கும் இடம். படகுகள் வலை விடக்கூடாது. பின்னிணைப்பை யாராவது புரட்டிப் பார்த்தார்களா என்று நான் கேட்கவில்லை. பதில் தெரிந்த கேள்வி. சில மாதம் கழித்து மீன்கார நானா எங்கள் படியேறி வந்தார். கையில் ஒரு பொலித்தீன் பை, லொறியில் வந்ததாம், ராத்தாவுக்காம். உள்ளே இந்த மிதவை. அன்று மாலைக்குள் ஸ்கிப்பர் அழைத்தார். "தங்கச்சி இல்லையா? சரி, நீங்க குடுத்திருங்க. செவ்வகத்துக்கு வெளியாலதான் விட்டம், நீரோட்டம் உள்ளுக்கு இழுத்திட்டு. கப்பல்ட விசிறி வெட்டின. வலை முழுக்கப் போயிட்டு. இது மட்டுந்தான் மிதந்து கிடந்த. நித்திரை கொண்ட படகுட வலையில இருந்தது எண்டு சொல்லிக் குடுங்க." சரி அண்ணே என்றேன். திருத்துவோம் என்று சொன்ன குரல் இதுதான் என்று அவருக்கு நினைவிருந்ததா தெரியாது. ஏசவில்லை என்பதால் நினைவில்லை என்று வைத்துக்கொண்டேன்.

இரண்டு மாதம் அது என் மேசை லாச்சிக்குள் கிடந்தது. லாச்சியைத் திறக்கும்போதெல்லாம் உப்பு வாசம் வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மனதைக் கல்லாக்கிக்கொண்டு தெல்தெனியவுக்குப் பஸ் ஏறினேன். முன்னறையில் தையல் மெஷின், அதைச் சுற்றிப் பள்ளிக்கூட வெள்ளைச் சட்டைகள். "வாங்க தம்பி, வாங்க" என்று எதுவுமே நடக்காததுபோல உட்கார வைத்து, பிளேன்டியும் இனிப்புத் தொதலும் கொண்டுவந்து வைத்தார். நான் பையைக் கொடுத்து, ஸ்கிப்பர் சொன்னதைச் சொன்ன மாதிரியே சொன்னேன். ராத்தா மிதவையைக் கையில் எடுத்து, வெட்டுப்பட்ட இடத்தைப் பெருவிரலால் தடவித் தடவிப் பார்த்தார். கண் நிறைந்துவிட்டது. ஆட்களுக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று கேட்டார். இல்லை என்றேன். பிறகு என்னை நேராகப் பார்த்து, "மாத்திட்டீங்களா தம்பி?" என்றார். இன்னும் இல்லை ராத்தா, அடுத்த பதிப்பு வர வேண்டும் என்றேன். அவர் மிதவையைத் திரும்ப அதே பைக்குள் போட்டு, வாயை முடிச்சுப் போட்டு, என் பக்கம் தள்ளினார். "அப்ப இது இன்னம் உங்கட. மாத்தின பொறவு கொண்டு வாங்க. அண்டைக்கு வாங்கிக்கிறன்." கோபமில்லை. என் மகளுக்கென்று தொதலையும் வேறொரு பையில் கட்டித் தந்தார். இரண்டு பையோடும் பஸ்ஸில் வந்தேன். நீர்த்தேக்கம் நிரம்பிக் கிடந்தது. ஒரு சுவரும் தெரியவில்லை.

மறுநாள்தான் அதைத் திரைக் கயிற்றில் கட்டினேன். லாச்சிக்குள் வைத்தால் மறந்துவிடுவேன் என்று எனக்கே என்மேல் சந்தேகம். அதற்குப் பிறகு ஒவ்வொரு பெருநாளுக்கும் ராத்தாவை அழைப்பேன். பிள்ளைகளைப் பற்றிச் சொல்வார், பேரப்பிள்ளையைப் பற்றிச் சொல்வார், கடைசியில், சாப்பிட்டீர்களா என்று கேட்கிற அதே குரலில் கேட்பார்: "மாத்திட்டீங்களா தம்பி?" இன்னும் இல்லை ராத்தா. "சரி. அவசரப்படாமச் செய்ங்க." அவர் குத்திக் காட்டவில்லை என்பது எனக்குத் தெரியும். அவசரத்தில் தைத்ததெல்லாம் திரும்பி வந்ததைக் கண்டவர். 

அடுத்த பதிப்பு இந்த வருடம்தான் வந்தது. இத்தனை வருடம் தள்ளித் தள்ளிப் போன வேலை. விதித்தாளை நானே புதிதாக எழுதினேன், ஒரு பக்கத்தில் அடக்க முயலாமல் இரண்டு பக்கமாக. தொழில் செய்கிறவர்களிடம் கேளுங்கள் என்ற வரியை மேலே, பெரிய எழுத்தில் போட்டேன். வலையோடு மிதப்பது தொழில், சிவப்பு. புதிதாக வந்த பிள்ளைகளுக்கு அதை இரண்டு தடவை விளக்கினேன். இந்த ஆளுக்கு என்ன, ஒரு மிதப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார் என்று அவர்கள் நினைத்திருப்பார்கள். கிழக்கு மூலையை யாருக்கும் கொடுக்கவில்லை, எனக்கென்று வைத்துக்கொண்டேன். சிவப்பாக்கிவிட்டு எந்த ஞாயிற்றுக்கிழமை தெல்தெனியவுக்குப் போவது என்றுகூட யோசித்து வைத்திருந்தேன். ஒரு காலையில், கந்தோருக்கு முதல் ஆளாக வந்து, அந்த மூலையைத் திறந்தேன்.

ஒரு படகுகூட இல்லை. கணினி பிழை விடுகிறதென்று நினைத்து மூடித் திறந்தேன். திகதியை மாற்றினேன். மாதம் மாதமாகப் பார்த்தேன். அந்தத் துறைமுகத்துப் படகுகள் வடக்குப் பக்கமாக இரண்டு பகல் ஓடி வேறெங்கோ போகின்றன. சில இலக்கங்கள் துறையை விட்டு அசைவதே இல்லை. சிலவற்றிலிருந்து புள்ளியே வருவதில்லை. யார் போவார்கள், வலையை வெட்டக் கொடுக்கவா? செவ்வகத்துக்குள் இருப்பதெல்லாம் கப்பல்கள். பெரிய பெரிய புள்ளிகள், நாள்கணக்கில் அசையாமல். புதிய கையேட்டில் கப்பல்களுக்குத் தனி நிறம் இருக்கிறது, பச்சை. கப்பல் அசையாமல் நின்றால் அதற்குப் பெயர் ஓய்வில்லை, காத்திருப்பு. கடலைப் பயன்படுத்துவதாகக் கொள்ள வேண்டும் என்று எழுதியிருக்கிறது. பழைய வருடங்களின் புள்ளிகளைத் தொடலாமா என்று மேலாளரைக் கேட்டேன். இந்த ஒப்பந்தத்தில் அதற்கு இடமில்லை என்றார், அதே பொறுமையோடு. ஆகவே மீன்பிடித் தாளில் அந்த மூலைக்கு இடவேண்டிய சரியான நிறம் வெள்ளை. அன்றைக்கு நாங்கள் பிழையாகக் குறித்தோம். இப்போது அது சரியாகிவிட்டது. தாளின் அடியில் குறித்தவர், சரிபார்த்தவர் என்ற இரண்டு இடத்திலும் நானே கையெழுத்துப் போட்டேன். இந்த முறை என் கையெழுத்தில் ஒரு பொய்யும் இல்லை. அதுதான் என்னால் தாங்க முடியாமலிருக்கிறது.

நேற்று புதிதாக வந்த பெண்பிள்ளை ஒருத்தி, திரைச்சீலை நைந்து போய்விட்டது, மாற்றலாமா சேர் என்று கேட்டாள். மாற்றுங்கள் என்றேன். அதில் கட்டியிருக்கிற மிதவையை என்ன செய்வது, யாருக்காவது சொந்தமா என்றாள். அடுத்த வாரம் பெருநாள். ராத்தாவை அழைக்க வேண்டும். பேரனைப் பற்றிச் சொல்வார், தையலைப் பற்றிச் சொல்வார், பிறகு அந்தக் கேள்வியைக் கேட்பார். இனி மாற்றுவதற்கு ஒன்றுமில்லை ராத்தா என்று சொல்ல வேண்டும். அந்த வார்த்தையை எப்படிச் சொல்வதென்று ஒரு வாரமாக வாய்க்குள் சொல்லிச் சொல்லிப் பார்க்கிறேன். கீழே கொழும்பு வீதியில் லொறிகள் போகும்போதெல்லாம் மிதவை ஆடிப் போய்ச் சுவரில் ஒரு தட்டுத் தட்டுகிறது. புதுத் திரையிலும் அதையே கட்டிவிடுங்கள் என்று அந்தப் பிள்ளையிடம் சொன்னேன். அது என்னுடையதுதான்.